தரை வரைக்கும் ஒரு திரை

கர்ட்டன் என்றாலே எனக்கு ஆகாது. கல்யாணமான புதிதில் பதினோரு வருடம் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். கீழ்வீடு. ஜன்னலுக்கு ஜன்னல் பச்சை நிறத்தில் கனத்த துணி தொங்கும். போகிற வருகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள் என்று என் கணவர் பகலிலும் அதை விலக்க விடமாட்டார். நண்பகல் பன்னிரண்டு மணிக்கு ட்யூப்லைட்டைப் போட்டுக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கியவள் நான். சொந்த வீடு என்று ஒன்று அமைந்தால் அதில் ஒரு முழத் துணிகூடத் தொங்கக்கூடாது என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

தொம்மலூரில் மாமனார் விட்டுப்போன வீட்டின் மேல் நாங்கள் மாடி எடுத்தபோது பிடிவாதமாக நின்று ஜெயித்தேன். கூடத்தில் பால்கனிப் பக்கம் சுவரே கிடையாது. தரையிலிருந்து உத்தரம் வரை கண்ணாடி, தள்ளுகதவாக. என் கணவர் பொதுப்பணித் துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வுபெற்றவர். ஊரார் கட்டடத்துக்கெல்லாம் அளவெடுத்த மனிதர், தன் வீட்டுக் கண்ணாடியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"பொழுது சாஞ்சா நம்ம வீடு டவுன் பஸ் மாதிரிதான். உள்ள யாரு நிக்கறா, யாரு உக்காந்திருக்கான்னு ரோட்டுக்கே தெரியும்" என்றார்.

"தெரியட்டுமே, நாம என்ன திருட்டா பண்றோம்?" என்றேன்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. யாருக்காக மூடி மறைக்க வேண்டும்? எட்டு வருடம் அந்த வெளிச்சத்தில் வாழ்ந்தோம். காலை வெயில் கூடத்தைத் தாண்டி சமையலறை வாசல் வரை வந்து படுத்துக்கொள்ளும். அவர்கூடப் பிறகு அதன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டுதான் பேப்பர் படித்தார். நான் குத்திக்காட்டாமல் விடுவேனா? தினமும் காட்டினேன்.

பிறகு அவருக்கு மறதி வந்தது. முதலில் சாவி, அப்புறம் தெரு, அப்புறம் கீழ்வீட்டில் குடியிருப்பவர் முகம். டாக்டரம்மா அதற்கு ஒரு பெயர் சொன்னார். அந்தப் பெயரை நான் வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. என்னை மட்டும் அவருக்குத் தெரிந்தது. "ஏய்" என்று கூப்பிட்டால் அது நான்தான். உலகத்தில் மற்றதெல்லாம் போனாலும் போகட்டும், இந்த "ஏய்" எனக்கு இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் எதையும் சாமியிடம் கேட்டதில்லை.

ஒருநாள் சாயங்காலம் ஆறரை மணிக்கு விளக்கைப் போட்டேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டார்.

"ஏய், அங்க ஒருத்தன் நிக்கறான் பாரு. உள்ளயே பாக்கறான்."

நான் பால்கனிக்குப் போய்ப் பார்த்தேன். யாருமில்லை. ஆனால் எங்கள் பால்கனிக்கு எதிரே, கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், ஒரு பிஜி இருக்கிறது. வேலைக்குப் போகிறவர்கள் ஒரு அறையில் நாலு பேராகத் தங்கும் விடுதிக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். அதன் ஜன்னல் எங்கள் கண்ணாடிக்கு நேராக இருந்தது. எனக்குச் சந்தேகமே வரவில்லை. வயதான இரண்டு பேர் தனியாக இருக்கிற வீட்டை எவனோ நோட்டம் விடுகிறான்.

மறுநாளும் அதேதான். மூன்றாம் நாள் அவர், "இன்னைக்கும் வந்துட்டான், லுங்கிய மடிச்சுக் கட்டிட்டு நிக்கறான்" என்று சொன்னவுடன் நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் மொழிக்குக் குறைவில்லை. தமிழில் பாதி, கன்னடத்தில் பாதியாக அந்தத் தெருவே கேட்கும்படி பேசினேன். அக்கா தங்கையோடு பிறக்கவில்லையா என்றேன். போலீஸுக்குப் போவேன் என்றேன். இளநீர்க்காரர் அரிவாளை ஓங்கியபடியே நின்றுவிட்டார்.

பிஜியை நடத்துகிற அம்மா வெளியே வந்தார். கன்னடக்காரர், தமிழும் பேசுவார். நான் மூச்சு வாங்குகிறவரை பொறுத்திருந்தார்.

"அம்மா, இது லேடீஸ் பிஜி. பசங்களக் காலி பண்ணிட்டு ரெண்டு மாசம் ஆச்சு. ஆம்பளையே இல்ல. உள்ள வாங்க, நீங்களே நோடி, பாருங்க."

போய்ப் பார்த்தேன். நாலு பெண்கள் கட்டிலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்து ஜன்னலை அடைத்தபடி ஓர் இரும்பு பீரோ நின்றது. அந்த ஜன்னல் வழியாக ஒரு காக்காய்கூட எங்கள் வீட்டைப் பார்க்க முடியாது. அந்தப் பெண்கள் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அந்த அம்மா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. வாசல் வரை வந்து, "சார் ஹேகிதாரே?" என்று மட்டும் கேட்டார். சார் எப்படியிருக்கிறார் என்று. எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவருக்குத் தெரிந்துவிட்டது போல இருந்தது.

மாடி ஏறி வந்தேன். அவர் இன்னும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். முதல் தடவையாக அவர் பக்கத்தில் போய், அவர் நிற்கிற மாதிரியே நின்று, அவர் பார்க்கிற இடத்தைப் பார்த்தேன். வெளியே இருட்டிவிட்டது, உள்ளே விளக்கு எரிந்தது. கண்ணாடியில் இரண்டு பேர் தெரிந்தார்கள். ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிய கிழவர். பக்கத்தில் தலை கலைந்து, முகம் சிவந்து, நான்.

"பாரு, நீ வந்ததும் உன் பக்கத்துல வந்து நின்னுக்கிட்டான்" என்றார் அவர். "எத்தனை நாளா நடக்குது இது?"

கண்ணாடியில் என்னைத் தெரிகிறது, தன்னைத் தெரியவில்லை. முப்பத்தாறு வருடம் குடித்தனம் பண்ணின பிறகு, என் கணவரோடு நான் நிற்பதைப் பார்த்து என் கணவர் சந்தேகப்படுகிறார். சிரிப்பதா அழுவதா என்று சொல்வார்களே, அதெல்லாம் இல்லை. அழுகைதான் வந்தது.

"அது நீங்கதாங்க. நல்லாப் பாருங்க" என்றேன். அவர் கையைத் தூக்கிக் காட்டினேன். கண்ணாடியில் அந்தக் கிழவரின் கையும் உயர்ந்தது. "உன் கையப் புடிக்கறான்" என்று கத்தினார்.

டாக்டரம்மா இது இந்த வியாதியில் உள்ளதுதான் என்றார். "சாயங்காலம் லைட் போடறதுக்கு முன்னாடி கண்ணாடிய மூடிடுங்கம்மா. கனமான துணியா போடுங்க. பூப்போட்டது, இலைபோட்டது வேண்டாம். அதுலயும் அவருக்கு முகம் தெரியும்" என்றார். எழுந்து வரும்போது, "இது முத்திப்போனா வீட்டுல வெச்சுப் பாக்கறது கஷ்டம். அதுக்குன்னு இருக்கற இடங்கள் இருக்கு" என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை நான் வழியிலேயே கிழித்துப் போட்டேன். ஒரு துணியைத் தொங்கவிட்டால் சரியாகிவிடும் காரியத்துக்கு மனிதரைக் கொண்டுபோய் எங்கோ விடுவதா?

அளவெடுக்க வேண்டும். டேப் அவருடைய மேஜை இழுப்பறையிலேயே இருந்தது. நானே எடுத்திருக்கலாம். ஆனால் டேப்பைப் பார்த்ததும் அவர் கையை நீட்டினார். கொடுத்தேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் நிமிர்ந்து நின்றதைப் பார்த்தேன். கண்ணாடியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அகலம் எடுத்தார். உயரத்துக்கு டேப்பின் நுனியை மேலே பிடித்துக்கொண்டு, "கீழ புடி, தொய்யாம புடி" என்று என்னை அதட்டினார். காகிதத்தில் கோடு போட்டு, இரண்டு பக்கமும் அம்புக்குறி போட்டு, நடுவில் ஏழடி என்று எழுதினார். எழுத்து நடுங்கவே இல்லை.

அவர் பிடித்திருந்த இடம் உத்தரம் இல்லை. அவர் கை எட்டிய இடம். அதற்கு மேல் இன்னும் ஒன்றரை அடி கண்ணாடி இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் சொல்லவில்லை. அந்த முகத்தைப் பார்த்து யாரால் சொல்ல முடியும்? கடைக்காரர்கள் எப்போதும் கூடுதலாக விட்டுத்தான் தைப்பார்கள், சரியாகிவிடும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

சிவாஜிநகரில் ஒரு கடைக்குப் போனோம். அவரை வீட்டில் தனியாக விட முடியாது, கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் என் வயதுக்காரர், உருது கலந்த தமிழ். அவரை "சாப்" என்று கூப்பிட்டு நாற்காலி போட்டார். எங்களுக்கு முன்னால் துணிகளைப் பிரித்துப் பிரித்துப் போட்டார். ஒன்று மெல்லியது, வெளிச்சத்தை வடிகட்டி விடுகிறது. ஒன்று கைத்தறி மாதிரி சொரசொரப்பு. இன்னொன்று பின்பக்கம் ரப்பர் பூசினதுபோல் கனமானது.

"இது பிளாக்அவுட் அம்மா. மோட்டா துணி. பகல்ல போட்டாலும் ஒரு பொட்டு வெளிச்சம் வராது. இந்தக் கலர்ல இலை போட்டதும் இருக்கு, பாக்கறீங்களா?"

அழகான இலை. வேறு காலமாயிருந்தால் அதைத்தான் எடுத்திருப்பேன். வேண்டாம் என்றேன். வெறும் சாம்பல் நிறத்தைக் காட்டினேன்.

அப்போது என் கணவர் நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்து, கடைக்காரரிடம் தணிந்த குரலில், "நல்ல திக்கா இருக்கறதா குடுங்க பாய். ஒருத்தன் வர்றான் வீட்டுக்கு. என் பொண்டாட்டிக்காக வர்றான்" என்றார்.

கடைக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு துணியை மடிக்க ஆரம்பித்தார். எனக்கு வயது அறுபத்திரண்டு. அந்த நிமிஷம் பூமி பிளந்தால் இறங்கிப் போயிருப்பேன். அவருக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அந்த நாற்காலியில் சாப் என்று உட்கார்ந்திருக்கிறவர் ஒரு நிமிஷத்தில் நோயாளி ஆகிவிடுவார். அதற்கு நானே கெட்ட பெயர் எடுத்துவிட்டுப் போகிறேன் என்று இருந்துவிட்டேன்.

"நம்ம ஆளு வீட்டுக்கு வந்து அளவெடுப்பான் அம்மா. அப்புறம்தான் வெட்டுவோம்" என்றார் கடைக்காரர்.

"வேண்டாம். எங்க வீட்டுலயே இன்ஜினியர் இருக்கார்" என்றேன். காகிதத்தை நீட்டினேன். கடைக்காரர் அம்புக்குறியையெல்லாம் பார்த்து, "சாப் பக்காவா போட்டிருக்கார்" என்றார். என் கணவர் தலையை ஆட்டிக்கொண்டார். அந்தப் பெருமைக்காகத்தான் எல்லாம்.

பத்து நாளில் திரை வந்தது. கம்பி அடிக்க வந்தவர் உத்தரத்துக்கு அடியில் டிரில் போட்டு மாட்டினார். வளையங்களைக் கோத்துத் துணியை இறக்கினார். அது தரைக்கு ஒன்றரை அடி மேலேயே நின்றுவிட்டது, வளர்ந்த பிள்ளைக்குப் போன வருடத்துப் பாவாடை மாதிரி. "அளவு தப்பா குடுத்திட்டீங்க" என்றார் அவர். என் கணவர் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

பட்ட காலிலே படும் என்பது எனக்குத்தான் சொன்னது. அன்று சாயங்காலம் விளக்கைப் போட்டதும் திரைக்குக் கீழே கண்ணாடியில் நாலு கால்கள் தெரிந்தன. லுங்கிக்குக் கீழே இரண்டு, புடவைக்குக் கீழே இரண்டு. இதுவரை எதிரே நின்றவர்கள் இப்போது திரைக்குப் பின்னால் ஒளிந்து நின்றார்கள். அவருக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? "மறைச்சு வெச்சிருக்கியா? அதுக்குத்தான் துணி வாங்கினியா?" என்று என் மேல் பாய்ந்தார். என் முகத்தைப் பார்த்துக்கூட அல்ல, அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டே என் தோளைப் பிடித்து உலுக்கினார். முப்பத்தாறு வருடத்தில் என் மேல் கை படாத மனிதர்.

போர்வையைச் சுருட்டித் திரைக்குக் கீழே அடைத்தேன். பிடுங்கி எறிந்தார். பழைய பேப்பரைக் கண்ணாடியில் ஒட்டினேன், கிழித்தார். விளக்கைப் போடாமல் இருட்டில் உட்கார்ந்தால் பயந்தார். கிழித்துப்போட்ட சீட்டில் டாக்டரம்மா என்ன முகவரி எழுதினார் என்று யோசித்துப் பார்த்துக்கொண்ட நாட்கள் அவை. ஆமாம், யோசித்தேன். இனி எனக்கு எதையும் மறைக்கத் தெம்பில்லை.

துணியை ஒட்டுப்போட்டுத் தைக்கலாமா என்று கடைக்குப் போன் செய்து கேட்டேன். வேண்டாம், தையல் வழியாக வெளிச்சம் வரும், புதிதாகவே தைக்கலாம் என்றார்கள். கடை ஆள் வந்து ஏணி போட்டு அளந்துகொண்டு போனார். இம்முறை டேப்பை நான் என் கணவர் கண்ணில் காட்டவில்லை.

இரண்டாவது திரை தரையில் விரல்கடை படிந்து கிடந்தது. நாலு மணிக்கே இழுத்துப் பார்த்தேன். வளையங்கள் கம்பியில் சரசரவென்று ஓடி, கூடம் இருண்டது. எட்டு வருட வெளிச்சத்தை என் கையாலேயே மூடினேன். மூடினால் என்ன, அவர் என்னை நம்பினால் போதும்.

அன்று சாயங்காலம் சத்தமில்லை. திரையைச் சிறிது நேரம் பார்த்தார், உட்கார்ந்தார், கொடுத்த மூன்று இட்லியையும் சாப்பிட்டார். மறுநாளும் அப்படியே. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து, சமையலறையில் நின்று முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன்.

மூன்றாம் நாள் அவர் என்னைப் பார்த்து, "நீங்க எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்றார்.

"எங்க?"

"உங்க வீட்டுக்கு. பொழுது போயிடுச்சே. உங்களுக்குப் பஸ் கிடைக்கணுமில்ல."

நான் தட்டைக் கீழே வைத்தேன். "நான்தாங்க" என்றேன். "என்னைத் தெரியலையா?"

"தெரியும் தெரியும். சமையலுக்கு வர்றவங்கதானே. நல்லா பண்றீங்க." குரல் அவ்வளவு மரியாதையாக இருந்தது. பிறகு திரையைக் காட்டினார். "அவ போயிட்டாம்மா. அந்த ஆளோட போயிட்டா. மூணு நாளாச்சு. நான் கொஞ்சம் அதிகமா கத்திட்டேன்."

சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வாரமாக அவர் கத்தியதெல்லாம் கண்ணாடியைப் பார்த்துத்தான். "ஏய்" என்றதும் கண்ணாடியைப் பார்த்துத்தான். அவருடைய மனைவி அதற்குள் இருந்தாள். பக்கத்தில் நின்று மாத்திரை கொடுத்து, குளிப்பாட்டி, துணி மாற்றியது வேறு யாரோ. நான் அதைக் கவனிக்கவில்லை. கடை கடையாக அலைந்து, அளவெடுத்து, காசு கொடுத்து, என்னையே நான் மூடிவிட்டேன்.

ஓடிப்போய்த் திரையை இழுத்தேன். ஒரே இழுப்பில் முழுக் கண்ணாடியும் திறந்தது. அவர் கையைப் பிடித்து எழுப்பி முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன். கண்ணாடியில் இரண்டு பேரும் வந்தார்கள்.

"இதோ இருக்கேன் பாருங்க. எங்கயும் போகல. கத்துங்க. என்ன வேணா திட்டுங்க. ஏய்னு கூப்பிடுங்க."

அவர் கத்தவில்லை. கண்ணாடிக்கு மிக அருகில் போனார். அங்கே நின்ற அந்தக் கிழவரை உற்றுப் பார்த்தார். அலுவலகத்தில் மேலதிகாரி முன் நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டார்.

"அவளுக்கு முட்டி வலி இருக்கு. மாடிப்படி ஏறவிடாதீங்க" என்றார். கொஞ்சம் யோசித்தார். "சாப்டியான்னு நீங்கதான் கேக்கணும். கேக்கலேன்னா சாப்பிடமாட்டா."

அந்தக் கிழவர் பதில் சொல்வார் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "மூடிடுங்கம்மா. அவங்க இருக்கட்டும்" என்றார்.

மூடினேன். அவருக்கு இட்லி வைத்தேன், மாத்திரை கொடுத்தேன், படுக்கவைத்தேன். அன்று நான் சாப்பிடவில்லை. யாரும் கேட்கவில்லை.